அணுவை யாராவது பார்த்திருக்காங்களா?



9-ஆம் வகுப்பு படிக்கும்போது (அப்போது நான் வேறு பள்ளி) வேதியியல் பீரியடில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டேன். "அணு அணுன்னு சொல்றோமே டீச்சர், அதை யாராவது பார்த்திருக்காங்களா?" அவ்வளவுதான் கேள்வி. வகுப்பே சிரித்துவிட்டது. "அணுவை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. உட்காரு" என்று பதில் வந்தது. நானும் உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு மாசத்துக்கு என் பேரே "அணு" ஆயிடுச்சு.

இந்த வருஷம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் அக்கா லீவுக்கு வந்திருந்தாள். அவளுடைய நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில், வட்டம் வட்டமாகப் புள்ளி வைத்த கோலம் மாதிரி ஒரு படம். "இது என்ன கோலம்?" என்று கேட்டேன். "கோலம் இல்லடி, ஒவ்வொரு புள்ளியும் ஒரு அணு. டங்ஸ்டன் ஊசியோட முனை" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் பார்த்தது, எப்போ பார்த்தது என்று துளைத்து எடுத்துவிட்டேன். நம் இயற்பியல் சாரிடம் சொன்னபோது, "நல்லாப் புரிஞ்சுக்கிட்டு எழுது, சுவர்ல ஒட்டிடலாம்" என்றார். எழுதிட்டேன். கொஞ்சம் நீளம்தான், இன்டர்வெல் பெல் அடிக்கிறதுக்குள்ள படிச்சிடலாம்.

முதலில் ஒன்று. நம் லேப்பில் இருக்கும் நுண்ணோக்கியில் ஏன் அணு தெரியாது? லென்ஸ் சின்னது என்பதால் இல்லை. எவ்வளவு பெரிய லென்ஸ் போட்டாலும் தெரியாது. கடற்கரையில் நின்று பாருங்கள். அலை ஒரு பெரிய பாறையில் மோதினால் உடைந்து சிதறும். பாறை இருக்குன்னு அலையே காட்டிக் கொடுத்துவிடும். ஒரு சின்னக் கூழாங்கல்லின் மேல் அதே அலை போனால் கல் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. ஒளியும் அலைதான். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். டங்ஸ்டன் அணுவின் குறுக்களவு சுமார் 0.27 நானோமீட்டர். அலை அணுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. அதனால் ஒளியை வைத்து அணுவைப் பார்க்க முடியாது என்று டீச்சர் சொல்லியிருந்தால் அது சரி. ஒளியை விட்டுவிட்டு வேறு எதையாவது வைத்துப் பார்க்கலாமே என்று யோசித்தவர்களின் கதைதான் இது.

அவர்களில் முதல் ஆள் எர்வின் முல்லர். 1911-ல் பெர்லினில் பிறந்தவர். அங்கே குஸ்தாவ் ஹெர்ட்ஸ் என்ற நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானியிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். (அதிர்வெண்ணுக்கு அலகாக நாம் எழுதும் ஹெர்ட்ஸ் இவர் இல்லை, இவருடைய பெரியப்பா.) முல்லர் கையில் எடுத்தது ஒரு உலோக ஊசி.

+2 அண்ணன் அக்காக்களுக்குக் "கூர்முனைச் செயல்பாடு" தெரிந்திருக்கும். மின்னூட்டம் பெற்ற கடத்தியில் எந்த இடம் கூர்மையாக இருக்கிறதோ அங்கேதான் மின்புலம் மிக அதிகம். இடிதாங்கி மேலே கூராக இருப்பது அதனால்தான். அதே விஷயத்தை முல்லர் கடைசி எல்லை வரைக்கும் கொண்டுபோனார். குண்டு பல்பின் உள்ளே சுருள் கம்பி இருக்குமே, அந்த டங்ஸ்டன்தான். மெல்லிய கம்பியின் நுனியைக் காஸ்டிக் சோடா கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினால் அது கரைந்து கரைந்து கூராகும். கடைசியில் முனையின் ஆரம் சுமார் 50 நானோமீட்டர்தான் இருக்கும். நம் தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய 800-ல் ஒரு பங்கு. நம் தையல் ஊசியின் முனை இதற்குப் பக்கத்தில் வைத்தால் மலை மாதிரி.

1936-ல் முல்லர் இந்த ஊசியை வெற்றிடக் குழாயில் வைத்து எதிர் மின்னழுத்தம் கொடுத்தார். முனையிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு கிளம்பி எதிரே இருந்த ஒளிரும் திரையில் விழுந்து படம் காட்டின. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, லென்ஸே கிடையாது என்பது. ஊதாத பலூனில் பேனாவால் நெருக்கமாகப் புள்ளி வைத்து, பிறகு ஊதிப் பாருங்கள். புள்ளிகள் தானாக விலகிப் போகும். அதே மாதிரிதான். 50 நானோமீட்டர் ஆரமுள்ள முனையிலிருந்து எல்லாத் திசையிலும் கிளம்பும் துகள்கள் 10 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் திரைக்குப் போய்ச் சேரும்போது படம் 10 லட்சம் மடங்குக்கு மேல் பெரிதாகிவிடுகிறது. நம் சாம்பாரில் கிடக்கும் மிளகை 10 லட்சம் மடங்கு பெரிதாக்கினால் அது 5 கிலோமீட்டர் அகலம் இருக்கும்!

ஆனால் அணு தெரியவில்லை. எலக்ட்ரான் முனையை விட்டுக் கிளம்பும்போதே பக்கவாட்டிலும் கொஞ்சம் ஓடுகிறது. அதனால் படம் கலங்கிவிட்டது. சுமார் 2 நானோமீட்டருக்குக் கீழே எதுவும் பிரிந்து தெரியவில்லை.

முல்லர் விடவில்லை. மின்னழுத்தத்தை அப்படியே திருப்பிப் போட்டார். ஊசிக்கு நேர்மின், பல ஆயிரம் வோல்ட். குழாய்க்குள் மிகக் கொஞ்சமாக வாயு. முனைக்குப் பக்கத்தில் வரும் வாயு அணு ஒரு எலக்ட்ரானை உலோகத்திடம் பறிகொடுத்து நேர் அயனியாகிறது. ஆன உடனே ஊசி அதை விரட்டி அடிக்கிறது, அது நேராகத் திரைக்கு ஓடுகிறது. முனையில் எந்த அணு கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதற்கு மேலேதான் புலம் அதிகம், அங்கேதான் அதிக அயனிகள் பிறக்கும். ஆகவே துருத்தி நிற்கும் ஒவ்வொரு அணுவுக்கும் திரையில் ஒரு புள்ளி விழ வேண்டும். 1951-ல் வெளியிட்ட இந்தக் கருவிக்குப் புல அயனி நுண்ணோக்கி என்று பெயர். படம் முன்னைவிடத் தெளிவு. ஆனாலும் அணுக்கள் தனித்தனியாகப் பிரியவில்லை. கோலத்தின் மேல் யாரோ ஈரத் துணியால் லேசாகத் துடைத்த மாதிரி இருந்தது.

1952-ல் முல்லர் அமெரிக்காவுக்குப் போய் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே அவரிடம் பி.எச்டி. மாணவராகச் சேர்ந்தவர் கன்வர் பகதூர். நம் இந்தியாவிலிருந்து போனவர். இந்தப் பெயரை நம் பாடப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. நான் கேட்டவரைக்கும் எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் போன மாதம் வரை தெரியாது.

படம் ஏன் கலங்குகிறது? ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்திருப்பீர்கள் (இறங்கக் கூடாது, ஆனால் இறங்குகிறோம்). நேராகக் கீழே இறங்க முடியாது, பஸ் போகும் திசையில் நாலு எட்டு ஓடித்தான் நிற்போம். நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கினால் இறங்கிய இடத்திலேயே நிற்கலாம். வாயு அணுவும் அப்படித்தான். ஊசிமுனையின் பலமான புலம் அதை வேகமாக இழுக்கிறது. அது வந்து மோதி, பந்து மாதிரி குதித்துக் குதித்து ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் நடுவே எலக்ட்ரானை இழந்தால் பக்கவாட்டு வேகத்தோடுதான் திரைக்குப் புறப்படும். புள்ளி விழவேண்டிய இடத்தில் ஒரு திட்டு விழும். அப்படியானால் பஸ்ஸை நிறுத்த வேண்டும். எப்படி? ஊசியையே குளிரவைத்துவிட்டால் போதும். குளிர்ந்த உலோகத்தில் மோதும் ஒவ்வொரு தடவையும் வாயு அணு தன் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக அதனிடம் விட்டுவிடும். குதியல் குறைந்து குறைந்து, கிட்டத்தட்ட நின்ற நிலையில் அயனியாகும்.

திரவ நைட்ரஜன் என்று ஒன்று இருக்கிறது. மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அப்படிப்பட்ட மிகக் குளிர்ந்த திரவத்தால் ஊசியைக் குளிர்வித்து, வாயுவாக ஹீலியத்தைப் பயன்படுத்தினார்கள். ஹீலியம் எலக்ட்ரானை லேசில் விடாது. அதைப் பிடுங்க மீட்டருக்கு சுமார் 4,400 கோடி வோல்ட் புலம் தேவை. காற்றில் தீப்பொறி பறக்க மீட்டருக்கு சுமார் 30 லட்சம் வோல்ட் போதும். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். அவ்வளவு பலமான புலம் முனையை வெளிப்பக்கமாக எத்தனை அழுத்தத்தோடு இழுக்கும் என்று சார் கொடுத்த சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 85,000 மடங்கு வந்தது. தப்புன்னு நினைச்சு மறுபடி போட்டேன், அதேதான் வந்தது. சாதாரண உலோகம் பிய்ந்து போய்விடும். டங்ஸ்டன் என்பதால்தான் தாங்குகிறது.

1955 அக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை. இருட்டறை. படம் அவ்வளவு மங்கல், கண் முதலில் இருட்டுக்குப் பழக வேண்டும். சினிமா தியேட்டரில் லேட்டாகப் போய் சீட் தேடும்போது முதலில் எதுவும் தெரியாதே, அந்த மாதிரி. திரையில் புள்ளிகள் தெரிந்தன. வரிசையாக, வட்டம் வட்டமாக, ஒவ்வொன்றும் தனியாக. தனித்தனி அணுக்களை முதன்முதலில் நேருக்கு நேர் பார்த்தவர்கள் என்று அறிவியல் வரலாற்றில் சொல்லப்படும் இரண்டு பேர் முல்லரும் கன்வர் பகதூரும்தான்.

ஒரு பேராசிரியர், ஒரு மாணவர். மறுநாள் காலை அந்த மாணவர் காலேஜ் கேன்டீனில் டீ குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் என்ன சொல்லியிருப்பார் என்று நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருஷமே, 1956-ல், "உலோகப் பரப்பில் வாயுக்கள் அயனியாதலும் இந்த நுண்ணோக்கியின் பிரிதிறனும்" என்ற பொருளில் இருவர் பெயரிலும் ஒரு கட்டுரை 'பிசிக்கல் ரிவ்யூ' என்ற புகழ்பெற்ற இதழில் வந்தது. நான் மேலே பஸ் கதையாகச் சொன்ன விஷயத்தை அவர்கள் அதில் சரியாகக் கணக்கோடு சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இடம் வரைக்கும் படித்துக் காட்டியபோது என் பெஞ்ச் தோழி ஒரு கேள்வி கேட்டாள். நல்ல கேள்வி, அதனால் எழுதுகிறேன். "திரையில விழுந்தது ஹீலியம்தானே? அப்ப அவங்க பார்த்தது ஹீலியம் வந்து மோதின வெளிச்சம். டங்ஸ்டன் அணுவைப் பார்த்தாங்கன்னு எப்படிச் சொல்றே?" ஒரு நாள் முழுக்க எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு தோன்றியது. நான் இப்போது கரும்பலகையைப் பார்க்கிறேன் என்றால் கரும்பலகையா என் கண்ணுக்குள் வருகிறது? அதில் பட்டுத் திரும்பிய ஒளிதான் வருகிறது. ஒளி கொண்டுவரும் சேதியை இங்கே ஹீலியம் கொண்டுவருகிறது. இதைச் சொன்னேன். அவள் பாதிதான் ஒத்துக்கொண்டாள். மீதிப் பாதிக்கு அக்கா ஒரு விஷயம் சொன்னாள். மின்னழுத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் ஊசிமுனையின் டங்ஸ்டன் அணுக்களே ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறந்துபோகும். ஒரு அணு போனால் திரையில் அதன் புள்ளி மறையும். வட்டத்தின் ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் காணாமல் போய், ஒரு அடுக்கு முழுக்கத் தீர்ந்ததும் கீழ் அடுக்கு தெரியும். அடுக்கின் நடுவே ஒரு அணு இல்லாமல் காலியாக இருந்தால் அந்த ஓட்டையும் தெரியும். இப்படி மேலே ஒட்டியிருக்கும் அழுக்கு, கரடுமுரடு எல்லாம் பிய்ந்து போவதால் முனை தானே சுத்தமாகியும் விடுகிறது. இதைக் கேட்டபிறகு தோழி, "சரி, ஒத்துக்கறேன்" என்றாள்.

வட்டமாக ஏன் தெரிகிறது என்று கேட்பீர்கள். பழக்கடையில் ஆரஞ்சை அடுக்கி வைத்திருப்பார்களே, அதை மேலேயிருந்து பாருங்கள். ஒவ்வொரு அடுக்கின் விளிம்பில் இருக்கும் பழம்தான் துருத்திக்கொண்டு தெரியும், உள்ளே இருப்பவை மேல் அடுக்கில் மறைந்துவிடும். விளிம்பு அணுக்கள்தான் பிரகாசமான புள்ளிகள். மேலிருந்து பார்த்தால் விளிம்புகள் வட்டங்கள்.

முல்லரின் ஆராய்ச்சிக் கூடத்தில் படித்து வெளியே போன மற்ற மாணவர்கள் செய்ததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரஸ்ஸல் யங் என்பவர் அங்கே 1959-ல் பி.எச்டி. முடித்தவர். ஊசிமுனையிலிருந்து வரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்தவர். பிறகு அமெரிக்காவின் தேசிய தர அளவீட்டு நிறுவனத்தில் வேலைக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு யோசனை. குருநாதர் ஊசியைப் பார்த்தார், நாம் ஊசியை வைத்து வேறொன்றைப் பார்த்தால் என்ன? ஒரு உலோகப் பரப்பின் மேல், தொடாமல், ஊசியை நகர்த்திக்கொண்டே போக வேண்டியது. இடைவெளி மாறினால் மின்னோட்டத்தில் தெரிந்துவிடும். அதை வைத்து மேடு பள்ளத்தை வரைய வேண்டியது. கண் தெரியாதவர் விரலால் தடவிப் படிப்பாரே, அது மாதிரி. 'டோபோகிராஃபைனர்' என்று பெயர் வைத்து 1965-லிருந்து 1971 வரை அதில் உழைத்தார்கள். மேல் கீழாக 3 நானோமீட்டர் வரை பிரித்துக் காட்டியது. பக்கவாட்டில் சுமார் 400 நானோமீட்டர். அணுவுக்கு இன்னும் தூரம். 1971-ல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது.

பத்து வருஷம் கழித்து, 1981-ல், சுவிட்சர்லாந்தில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் இருவரும் இதே தடவிப் பார்க்கும் வழியில், ஊசியை இன்னும் மிக மிக நெருக்கமாகக் கொண்டுபோய், ஒற்றை அணுவின் மேட்டையே அளந்துவிட்டார்கள். 1986-ல் நோபல் பரிசு. பரிசு அறிவிப்பில் யங்கின் பெயரும் முன்னோடி என்று சொல்லப்பட்டது. பெயர் மட்டும்தான். முல்லர் 1977-ல் இறந்துவிட்டார், நோபல் வாங்கவில்லை. பின்னிக்கும் ரோரரும் செய்தது பெரிய சாதனை, அதில் சந்தேகமில்லை. அவர்கள் கருவி எந்த உலோகத்தையும் சிலிக்கானையும் தட்டையாகவே வைத்துப் பார்க்கும், முல்லருடையதில் ஊசியாகச் செதுக்க முடிந்ததை மட்டும்தான் பார்க்கலாம். ஆனாலும் அணுவை முதலில் பார்த்தது 1981-ல் என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். 26 வருஷம் முந்தியே பார்த்தாச்சு.

இன்னொரு மாணவர் ஜான் பானிட்ஸ். அவர் முல்லரோடு சேர்ந்து 1967-ல் செய்ததைக் கேட்டால் மாயாஜாலம் போல இருக்கும். ஒளிரும் திரையில் ஒரு ஓட்டை போட்டார்கள். ஊசியைச் சாய்த்து, எந்த அணுவைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதன் புள்ளி சரியாக ஓட்டையின் மேல் விழும்படி செய்தார்கள். பிறகு ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரத்துக்கு மின்னழுத்தத்தை ஏற்றி அந்த அணுவைப் பிடுங்கிப் பறக்கவிட்டார்கள். அது ஓட்டை வழியாகப் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று அளந்தார்கள். லேசான அணு சீக்கிரம் போகும், கனமான அணு மெதுவாகப் போகும். நேரத்தை வைத்து அது எந்தத் தனிமம் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு அணுவைப் பார்த்து, பிடுங்கி, எடை போட்டார்கள்! இதற்கு அணு ஆய்வி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இதன் வளர்ந்த வடிவம் இன்று எஃகு, விமான எஞ்சின் உலோகம், கம்ப்யூட்டர் சிப் எல்லாவற்றையும் அணு அணுவாகப் பிரித்துப் பார்க்கப் பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவில் கிடைத்த ஒரு சிர்க்கான் மணியின் வயது சுமார் 437 கோடி ஆண்டுகள் என்பதை 2014-ல் இந்தக் கருவியால்தான் உறுதி செய்தார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இதற்கென்று ஒரு தேசிய ஆய்வு வசதி இருக்கிறது. அக்காவுக்கு அதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமாம். எனக்கும்தான்.

சுவர் இதழில் போட்டோ ஒட்டினால் ஈரத்தில் உரிந்துவிடும் என்பதால், கீழே இருக்கும் படத்தைக் கையால் வரைந்திருக்கிறேன். மூன்று சாயங்காலம் ஆச்சு. அக்காவின் நோட்டில் இருந்ததைப் பார்த்துத்தான் வைத்தேன், ஆனாலும் ஓரத்தில் சில வட்டங்கள் கோணலாகிவிட்டன, அது என் கை செய்த கோளாறு, டங்ஸ்டன் மேல் தப்பில்லை. மேலிருந்து மூன்றாவது வட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அது அணு இல்லாத காலி இடம். போன மாத இதழில் நியூட்டனுக்கு மீசை வரைந்தவர்கள் தயவுசெய்து இங்கே ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்து அதை நிரப்பிவிடாதீர்கள்.